ஐந்து கோயில், ஒரு பூட்டு

செருப்பை வாங்கி வைத்து, டோக்கனைக் கொடுத்து, திரும்பச் செருப்பைக் கொடுப்பதில் அப்படி என்ன பெரிய வேலை இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை ஒரே ஒரு விடுமுறை நாள் காலையில், பெரிய கோயில் வாசல் செருப்பு ஸ்டாண்டில் இருக்கும் டோக்கனக்காவின் ஸ்டூலில் உட்கார வைக்க வேண்டும். மத்தியானத்துக்குள் வாய் தானாக அடங்கிவிடும். எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே கடையில் வாங்கியதுபோல் கறுப்பு ரப்பர் செருப்புகளாக வந்து குவியும். அதில் பாதிப்பேர் டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து, "அதோ, அந்தக் கறுப்பு" என்று கையை நீட்டுவார்கள். எந்தக் குதிகால் அதிகம் தேய்ந்திருக்கும் என்று அக்கா கேட்பாள். "அதெல்லாம் யாரும்மா பாத்தா?" என்பார்கள். "நடந்தது நீங்கதானே?" என்பாள் அக்கா.

கல்யாணமான புதிதில் அவள் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். கணவருக்குப் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பஞ்சர் கடை. அந்த வருமானம் டியூபில் அடித்த காற்று மாதிரி, இருப்பதுபோல் தெரியும், காலையில் பார்த்தால் இருக்காது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பார்க்கக்கூடிய வேலையாகக் கிடைத்தது இந்தச் செருப்பு ஸ்டாண்டுதான். அந்தக் குழந்தை செருப்புப் பலகைகளுக்கு நடுவிலேயே தவழ்ந்து, வளர்ந்து, படித்து, இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள்.

இந்த வேலையில் மரியாதை இருந்தது என்று சொன்னால் அது பொய். செருப்பைக் குனிந்து எடுத்துக் கொடுக்காமல் காலாலேயே அவள் பக்கம் தள்ளிவிடுபவர்கள்தான் அதிகம். பெரிய கோயில் பூசாரி அவளுக்கு மட்டும் விபூதியை ஒரு முழம் உயரத்திலிருந்து போடுவார். ஒருநாள் அவள் பொறுக்காமல் கேட்டேவிட்டாள். "சாமி, கால்ல போட்டுக்கிட்டு வர்றவங்களுக்கு இல்லாத தீட்டு, கையில எடுத்து வைக்கிறவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?" பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். உயரம் மட்டும் குறையவில்லை.

ஆனால் அவளுக்கென்று ஒரு பிடிவாதம் இருந்தது. தன்னிடம் செருப்பை விட்டுப் போனவர் வெறுங்காலோடு வீடு போய்ச் சேரக் கூடாது. ஒருமுறை யாரோ ஒரு பெண்ணின் செருப்பை மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா தன் செருப்பைக் கழற்றி அவளுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வெறுங்காலில் நடந்து வந்தாள். கணவர் அவள் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "நல்ல வேளை, துணிக்கடையில நீ வேலை பாக்கல" என்றார். 

அந்தத் தெருவில் கோயில்கள் ஐந்து. ஐந்தும் கல்லால் ஆன பழைய கோயில்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ராஜா கட்டியது. ஒருவன் கட்டியதில் இன்னொருவன் கும்பிட மாட்டேன் என்று வீம்பு பிடித்ததால்தான் ஒரே தெருவில் இத்தனை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அதை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. புத்தகத்தில் அவற்றுக்கு நீளநீளமான பெயர்கள் இருந்தாலும் ஜனங்கள் வைத்த பெயரே வேறு. முதலாவது பெரிய கோயில். அடுத்தது உள்ளே கிணறு இருப்பதால் கிணற்றுக் கோயில். கோபுரம் பாதியில் நின்றுபோனது மொட்டைக் கோயில். அதற்கடுத்தது, குனிந்தால்தான் உள்ளே போக முடியும் என்பதால் குட்டைக் கோயில். தெருவின் கோடியில் கடைசிக் கோயில்.

நடைமுறை சுலபமாக இருந்தது. பெரிய கோயில் வாசலில் அக்காவிடம் செருப்பை விடுவார்கள். மண் தெரு, இரண்டு பக்கமும் மரம். வேண்டிய கோயிலுக்குப் போவார்கள், வேண்டாததை விடுவார்கள். திரும்பி வந்து, ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பக்கக் கேட் வழியாக வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு போவார்கள். ராஜா காலத்திலிருந்து இதில் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

அது பொறுக்கவில்லை சில பேருக்கு. ஐந்து கோயிலையும் சேர்த்துப் புராதன வளாகம் ஆக்குகிறோம் என்று கிளம்பினார்கள். முதலில் மரங்களை வெட்டினார்கள், கோபுரம் மறைகிறதாம். பிறகு மண்ணைத் தோண்டி எறிந்துவிட்டுத் தெரு முழுக்கப் பளபளவென்று கறுப்புக் கல் பதித்தார்கள். வெயில் கொளுத்துகிற ஊரில், வெறுங்காலோடு மட்டுமே நடக்க வேண்டிய இடத்தில், கறுப்புக் கல். இதை யோசித்த மூளையைத்தான் புராதனப் பொருளாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் இரும்பு வேலி போட்டார்கள். தரையில் வெள்ளை அம்புக்குறிகள் வரைந்தார்கள். எல்லாம் ஒரே திசையைக் காட்டின. பெரிய கோயிலில் நுழைந்தால் ஐந்தையும் தாண்டிக் கடைசிக் கோயில் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். நடுவில் திரும்பினால் காவலாளி விசில் அடிப்பான். செருப்பைப் பையில் போட்டு எடுத்துப் போகவும் கூடாது, பையைச் சோதிப்பார்கள். பக்கக் கேட்டில் ஒரு பெரிய பூட்டு தொங்கியது.

ஆக, செருப்பு இந்தக் கோடியில், ஆள் அந்தக் கோடியில். நடுவில் வேலிக்கு வெளியே சுற்றி வருகிற தார் ரோடு. லாரிகள் போகிற ரோடு. ஓரமெல்லாம் ஒர்க்‌ஷாப்புகள்; ஆணியும் கண்ணாடிச் சில்லும் கிடக்கிற இடம். அதில் வெறுங்காலோடு நடந்து வந்துதான் செருப்பை வாங்க வேண்டும்.

கார் வைத்திருந்தவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. அவர்களுடைய டிரைவர் டோக்கனைக் கொடுத்துச் செருப்பை வாங்கிக்கொண்டு காரைச் சுற்றிக் கொண்டுபோய்க் கடைசிக் கோயில் வாசலில் நிறுத்துவான். திட்டம் போட்டவர்கள் அத்தனைபேரும் கார் வைத்திருந்தவர்கள். அந்த வாசலை ஒட்டி அறங்காவலர் குழுவின் பொம்மைக் கடை ஒன்று புதிதாக முளைத்திருந்தது, வெளியே வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வசவு மட்டும் அக்காவுக்கு வந்தது. நொண்டிக்கொண்டு வருகிறவர்கள் எதிரில் கிடைப்பவரைத்தானே திட்டுவார்கள். "ஏம்மா, உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" என்பார்கள். "அம்பு போட்டது நானில்லைங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வற்றியது. சிறு குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தத் தகப்பன்களை யார் தூக்குவது? சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்து, தீப்புண் களிம்பு கடையில் தீர்ந்துபோய்விட்டது என்றாள். "இந்த பிளான் போட்டவருக்கு மாலை போடணும்னு எங்க முதலாளி சொல்றாரும்மா." அக்கா சிரிக்கவில்லை.

தினமும் வருகிறவர்களில் ஒருவர் பஸ்காரர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு, மருமகள் வேலைக்குக் கிளம்பியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து ஐந்து கோயிலையும் ஒரு சுற்றுச் சுற்றினால்தான் அவருக்குப் பொழுது நகரும். சர்க்கரை வியாதி. மெத்தென்று பஞ்சு வைத்த செருப்புப் போட்டிருப்பார், டாக்டர் எழுதிக் கொடுத்தது. அதை மட்டும் அக்கா பலகையில் வைக்காமல் தன் ஸ்டூலுக்குக் கீழே வைப்பாள். வெயிலில் சுட்டுவிடக் கூடாது என்று.

அம்பு போட்ட முதல் நாளே அவள் அவரைத் தடுத்துப் பார்த்தாள். "அண்ணே, வாசல்லயே கும்பிட்டுட்டுப் போயிருங்க. உள்ள போனா திரும்ப விட மாட்டாங்க."

"அட போ தங்கச்சி. இத்தனை வருஷம் பஸ் ஓட்டுனவன், எனக்கே ஒன்வேயா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அந்த வாரக் கடைசியில் அவர் தார் ரோட்டிலிருந்து திரும்பி வந்தபோது வழக்கம்போல் சிரித்துக்கொண்டுதான் வந்தார். நொண்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவர் வந்த வழியில் சிமெண்டுத் தரையில் ஈரமாகக் கால் பதிந்திருந்தது. அக்கா அது தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அவரை உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். அடிப்பாதத்தின் முன்பாதித் தோல் உரிந்து, ஒரு கண்ணாடிச் சில்லு பெருவிரலுக்குக் கீழே உள்ளே இறங்கியிருந்தது.

"வலிக்கலையாண்ணே?"

"ஒண்ணும் வலிக்கலையே. ஏம்மா, ஏதாவது ஒட்டியிருக்கா?"

அக்கா மகளுக்குப் போன் போட்டாள். "அம்மா, சர்க்கரைக்காரங்களுக்குக் கால்ல உணர்ச்சியே இருக்காது. களிம்பெல்லாம் போடாத. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இதுல விரல் போகும், சில சமயம் காலே போகும்" என்றாள் மகள். பஞ்சர் கடையிலிருந்து கணவர் வண்டியைக் கொண்டுவந்தார். பஸ்காரர் வண்டியில் ஏறும்போதும், "எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்கா ஸ்டாண்டைப் பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போனாள். குளிர் அறை. மேசைமேல் ஐந்து கோயிலின் பொம்மை மாதிரி ஒன்று, பஞ்சால் செய்த மரங்களோடு. நிஜ மரத்தை வெட்டிவிட்டுப் பஞ்சு மரம் வைத்திருந்தார்கள். நிர்வாக அதிகாரியும் இன்ஜினியரும் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்கள், அதைக் குறை சொல்ல முடியாது.

"எங்களுக்கும் தெரியும்மா, புகார் வந்திருக்கு" என்றார் அதிகாரி.

"தெரியுமா? அப்ப பக்கக் கேட்டத் தொறந்து விட்டுருங்க சார். கும்பிட்டுட்டு அப்படியே திரும்பி வந்துடுவாங்க."

இன்ஜினியர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது அப்படி இல்லம்மா. மொத்த டிசைனே ஒருவழி. கேட்டத் தொறக்கணும்னா டிசைன மாத்தணும், அதுக்குப் புராதனக் கமிட்டி கூடணும், மேலிடத்துல அனுமதி வாங்கணும். லேசுப்பட்ட வேலை இல்ல."

"சரி, அந்த வாசல்லயும் ஒரு ஸ்டாண்டு போட விடுங்க. நானே மூட்டையா கட்டித் தூக்கிட்டுப் போறேன்."

"அங்கதான் எல்லாரும் போட்டோ எடுக்கிறாங்க. கோபுரத்துக்கு முன்னாடி செருப்புக் குவியல் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

"மனுசன் கால் வெந்து கெடக்குது சார்."

"சாக்ஸ் போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே ஒரு யோசனையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கிண்டல் செய்திருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். எழுந்து வந்துவிட்டாள்.

அதற்காக அவள் சும்மாவும் இருக்கவில்லை. கணவரின் டயர் தள்ளுவண்டியில் செருப்புகளை அடுக்கி, தார் ரோடு வழியாகத் தள்ளிக்கொண்டுபோய் அந்த வாசலில் நின்றாள். காவலாளி விரட்டினான். தள்ளி நின்றாள். அங்கேயும் விரட்டினான். நின்ற இடமெல்லாம் போட்டோவுக்குள் வருகிறதாம். மூன்றாவது முறை வண்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். கணவர் வந்து கையைக் காலைப் பிடித்துத்தான் மீட்டுப் போனார்.

இதற்கு நடுவில் பஸ்காரரின் கால் கறுத்துக்கொண்டு வந்தது. மருமகள் ஸ்டாண்டுக்கு வந்து, விரல்களை எடுக்கப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அழவில்லை. "நீங்க தடுத்தீங்களாமே, மாமா சொன்னாரு" என்று மட்டும் சொன்னாள். ஏதோ அக்காவைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாள். அக்காவுக்கு அது இன்னும் சுட்டது.

அந்த வாரத்தில்தான் அமைச்சர் வந்து வளாகத்தை முறைப்படி திறந்து வைக்கிறார் என்றார்கள். உடனே தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்தார்கள். கறுப்புக் கல்லின் மேல் ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயிலுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். கல் சுடும் என்பது இவர்களுக்குத் தெரியும் என்பதை அக்கா அன்றைக்கு நேரிலேயே பார்த்துக்கொண்டாள். பாதுகாப்புக்காகத் தார் ரோட்டில் எந்த வண்டியும் வரக் கூடாது என்று இரண்டு முனையிலும் தடுப்புப் போட்டார்கள். விருந்தினர்களின் கார்கள் எல்லாம் பெரிய கோயில் பக்கமே நின்றன.

அமைச்சர், அதிகாரிகள், இன்ஜினியர், அறங்காவலர்கள், எல்லாருடைய ஷூக்களும் அக்காவின் ஸ்டாண்டுக்கு வந்தன. நிர்வாக அதிகாரி கடைசியாகத் தன்னுடையதைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "இதையெல்லாம் தட்டுல அடுக்கி, அந்த வாசல்ல கொண்டாந்து வரிசையா வச்சிரு. நாங்க வெளிய வரும்போது ரெடியா இருக்கணும்."

"அந்த வாசல்ல செருப்பு வச்சா நல்லா இருக்காதே சார்."

"இன்னைக்கு மட்டும்."

"கொண்டு வர்றேன் சார். ஆனா இன்னையிலிருந்து பக்கக் கேட்டத் தொறந்து விடுறேன்னு சொல்லுங்க."

அதிகாரிக்கு அவசரம். அமைச்சர் உள்ளே போய்க்கொண்டிருந்தார். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார்.

"பாக்கலாம்னா கொண்டு வர மாட்டேன் சார். இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் சொல்லலன்னு சொல்லாதீங்க."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செருப்பு ஸ்டாண்டுக்காரி மாட்டேன் என்று சொன்னால் அதற்கு மாட்டேன் என்றுதான் பொருள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அக்கா ஷூக்களைத் துடைத்து, ஒரு தூசி இல்லாமல் பலகையில் அடுக்கினாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேலை போய்விடும் என்று தெரியும். மகள் சம்பளத்தில் எத்தனை நாள் ஓட்டலாம் என்று மனது ஒரு பக்கம் கணக்குப் போட்டது. கால் மட்டும் எழுந்திருக்க மறுத்தது.

உச்சி வெயிலில் அவர்கள் கடைசிக் கோயிலிலிருந்து வெளியே வந்தார்கள். கம்பளம் வாசற்படியோடு முடிந்திருந்தது. அதற்கு அப்பால் யார் யோசித்தார்கள்? அமைச்சர் காலை எடுத்துத் தாரில் வைத்தார், எடுத்தார், அடுத்த காலை வைத்தார், அதையும் எடுத்தார். வைக்க மூன்றாவது கால் இல்லை. பின்னால் வந்தவர்களும் அதே ஆட்டம். காரைக் கூப்பிட்டார்கள், தடுப்புக்குள் கார் வர முடியாது. தடுப்பு இவர்களே போட்டது. வேலிக்கு வெளியே நின்ற ஜனங்களில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு யாருக்கும் அடக்க முடியவில்லை. தங்கள் கால் வெந்தபோது ஒருவரும் எட்டிப் பார்க்காத கோபம் அத்தனையும் அந்தச் சிரிப்பில் இருந்தது. தேங்காய்க் கடைக்காரி ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

சொல்லி முடிப்பதற்குள் பக்கக் கேட் திறந்தது. அதன் வழியாக ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கம்பளத்தின்மேலேயே, அம்புக்கு எதிர்த் திசையில் திரும்பி நடந்து வந்திருந்தார்கள். யாரும் விசில் அடிக்கவில்லை. அமைச்சர் ஷூவை மாட்டிக்கொண்டு, "இந்த வழிய ஏன் அடைச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "இப்பவே நிரந்தரமா தொறந்துடுறோம் சார்" என்றார் நிர்வாக அதிகாரி. இன்ஜினியர் பக்கத்திலேயே நின்றுகொண்டு தலையாட்டினார். எந்தக் கமிட்டியும் கூடவில்லை.

மறுநாள் கேட்டின் மேல் ஒரு பலகை வந்தது. பக்தர்களின் வசதிக்காக அமைச்சர் அவர்களின் ஆணைப்படி திறக்கப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. அதே நாள் அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கீழ்ப்படியாமையாம். அவள் கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. டோக்கன்களைத் துடைத்து வரிசையாக மாட்டிவிட்டு, புதிதாக வந்த ஆளிடம், வயதானவர்கள் செருப்பை மேல் பலகையில் வைக்காதே, அவர்களுக்கு எட்டாது என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நேராகப் பஸ்காரர் வீட்டுக்குப் போனாள்.

அவர் கட்டிலில், கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் இருந்த இடத்தில் கட்டு தட்டையாக இருந்தது. அக்காவைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். வேண்டாம் என்று அவரைப் பிடித்துப் படுக்க வைத்தாள்.

"பக்கக் கேட்டத் தொறந்துட்டாங்கண்ணே" என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சியைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அவர்மேல் அல்ல. "பரவாயில்லையே" என்றார் அவர். "கமிட்டி, அனுமதி, அது இதுன்னு என்னமோ பெரிய வேலைன்னு சொன்னாங்கன்னு சொன்னியே. எப்படித் தொறந்தாங்க?"

"சாவியப் போட்டுத் திருப்புனாங்க" என்றாள் அக்கா.

பஸ்காரர் அதை ஒரு வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தன் காலைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?" என்றார்.